சந்திரிகாவின் எட்டுப் பற்கள்

பேச்சியம்மாள் சில்க்ஸின் லைவைக் கைப்பேசியில் ஒருமுறையாவது திறந்து வைத்தவர்கள் சந்திரிகாவைக் கேட்டிருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். தி. நகரில் உஸ்மான் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிற அந்தக் கடையின் மூன்றாவது மாடியில், செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு லைவ் ஓடும். கேமராவுக்கு முன்னால் டயானா நிற்பாள். பட்டினப்பாக்கத்துப் பெண், சின்ன வயசு, வரிசையான பல். புடவையைத் தோளில் போட்டுக்கொள்வாள், முந்தானையை விரிப்பாள், சிரிப்பாள். பேசுவதெல்லாம் சந்திரிகா. கைப்பேசி மாட்டிய கம்பிக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் விழாத மூலையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பேசுவாள்.

அவள் பேச்சுக்குத்தான் கூட்டம். "இது சும்மா பச்சை இல்லம்மா. மழை பெஞ்ச மறுநாள் வாழைக்குருத்து விரியும்லா, அந்தப் பச்சை" என்பாள். அதுவரை பச்சையே பிடிக்காத பெண்கூட இன்னொரு முறை பார்ப்பாள். ஒரு புடவை உடம்பில் எப்படி விழும், எந்த நிறத்துக்காரிக்கு எடுக்கும், பத்து வருஷம் கழித்துக் கட்டினாலும் மரியாதையாக இருக்குமா என்பதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோலச் சொல்வாள். பொய் சொல்ல மாட்டாள். சுமாரான புடவையைச் சுமார் என்றே சொல்லி, அதையும் விற்றுவிடுவாள். மேற்கு மாம்பலத்திலிருந்து மஸ்கட் வரை அவளுக்கு ரசிகைகள் உண்டு. அவர்கள் அவளுக்கு வைத்த பேர் குரல் அக்கா.

"குரல் அக்கா, ஒருநாள் முகத்தைக் காட்டுங்க" என்று ஒவ்வொரு லைவிலும் யாராவது எழுதுவார்கள். "என் முகத்தை என்னத்துக்கும்மா பாக்கீங்க, முந்தானையைப் பாருங்க" என்று சந்திரிகா பதில் சொல்வாள். எல்லோரும் சிரிக்கிற பொம்மைகளை அள்ளிப் போடுவார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் அவள் வேகமாகச் சொல்லி முடிப்பாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த புடவைக்குப் போவாள்.

முகத்தைக் காட்டாததற்குக் காரணம் பல். தேய்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடுதான் முளைத்தது. ஊரில் எல்லோர் வாயிலும் அதே கறை இருந்ததால் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. சென்னைக்கு வந்து கடையில் சேர்ந்த முதல் மாதம், புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வயசுலயே புகையிலை போடுவியா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டாள். அக்கறையில் கேட்பவர்கள் கேட்டால்தான் சுருக்கென்று தைக்கும். அன்றைக்கு வாயை மூடப் போன கை, அதன் பிறகு யார் எதிரில் வந்தாலும் தானாக மேலே போக ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கடையில் சந்திரிகா வாய்விட்டுச் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

லைவ் ஆரம்பித்த புதிதில், பேசுகிறவளே முன்னால் நின்றால் என்ன என்று அவள் சின்ன முதலாளி முத்துகிருஷ்ணனிடம் கேட்டதுண்டு. அவன் கெட்டவனில்லை. நாலு பேர் மனம் நோகப் பேசத் தெரியாதவன். தலையைச் சொறிந்தான், விளக்கைப் பார்த்தான், கடைசியில் சொன்னான். "லைட் போட்டா பல்லு தெரியுதுக்கா. நீங்க பல்லைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க, மறுநாளே நீங்கதான் முன்னால." விளையாட்டாகச் சொல்லிவிட்டு அதை அப்போதே மறந்தும் போனான். சந்திரிகா மறக்கவில்லை. அவளுக்கு அது வாக்கு.

வளையலுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைப் பல்லில் போடலாம் என்று அவள் முடிவெடுத்தபோது, கே.கே. நகரில் அவர்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனத்தில் இரண்டு நாள் வாக்குவாதம். அவள் கணவன் இசக்கிமுத்துவுக்கும் அந்தப் பக்கத்து ஊர்தான், அதே தண்ணீர், அதே பல். அவன் பார்சல் ஆபீசில் வேலை செய்கிறவன். மூட்டைகளுக்கு அவன் பல்லைப் பற்றிக் கவலையில்லை. இதே பல்லோடு ஊரில் எத்தனை பேர் கல்யாணம் காட்சி என்று இருக்கிறார்கள், யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டான். எனக்கு உன் பல்லுதான் பிடித்திருக்கிறது என்றான். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உண்மையைச் சொன்னான்.

"நீ மட்டும் வெள்ளைப் பல்லோட நின்னா, போட்டோவுல என் பக்கத்துல யாரோ வேத்தாளு நிக்கிற மாதிரி இருக்கும்லா."

சந்திரிகாவுக்குக் கோபம் போய்விட்டது. அவன் கறையைப் பார்த்துப் பயப்படவில்லை, அவள் தன்னை விட்டுத் தள்ளிப் போய்விடுவாளோ என்று பயப்படுகிறான். "நான் வேத்தாளு ஆவேனா? கண்ணாடியில பாக்கும்போது எனக்கே நான் வேத்தாளு மாதிரிதான் இத்தனை நாளும் இருக்கேன்" என்றாள். அவன் சோற்றைத் தின்று முடித்தான். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினான்.

லஸ் பக்கம், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மாடியில் டாக்டர் உம்மே ஹானியின் கிளினிக். இந்தக் கறை பல்லுக்குள்ளேயே ஊறியது, வெளுக்க வைக்கிற மருந்துக்கெல்லாம் அசையாது என்று அவர் சொன்னார். பல்லின் மேற்பரப்பை லேசாகச் சீவிவிட்டு, நகத்தின் அளவு மெல்லிய பீங்கான் ஓட்டை ஒவ்வொரு பல்லுக்கும் அளவெடுத்துச் செய்து ஒட்ட வேண்டும். வெனீர் என்று பேர். சிரித்தால் தெரிகிற மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்குப் போட்டால் போதும். ஒன்றை மட்டும் டாக்டர் இரண்டு தடவை சொன்னார். சீவினது சீவினதுதான், திரும்ப வளராது, பிறகு வேண்டாம் என்று நினைத்தாலும் பழையபடி ஆக்க முடியாது. இசக்கிமுத்து மனைவியைப் பார்த்தான். அவள் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போதுதான் சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சாம்பிள் பற்கள் வரிசையாகக் கோத்த பட்டையை எடுத்து அவள் உதட்டருகே வைத்து, ட்யூப்லைட்டில் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் ஓரம் கூட்டிக்கொண்டு போனார். வாடிக்கையாளர்களைப் புடவையோடு கடை வாசல் வரை கூட்டிப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுவது அவள் தினமும் செய்கிற வேலை. இன்றைக்கு அவளே வாடிக்கையாளர். அதுவும் அலமாரியில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு முதலில் பார்த்ததற்கே திரும்பி வருகிற ரகம். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. பளிச்சென்று இருந்த வெள்ளையை இசக்கிமுத்து காட்டினான். அவள் வேண்டாமென்று, பாலில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விழுந்தாற்போன்ற நிறத்தை எடுத்தாள். தன் முகத்துக்கு அதுதான் எடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை பல்லைச் சீவி, அச்செடுத்து, அசல் வரும்வரை தாங்குவதற்கு பிளாஸ்டிக்கில் தற்காலிக ஓடுகளை ஒட்டி அனுப்பினார்கள். அசல் வருகிற வெள்ளிக்கிழமை. முறுக்கு, கரும்பு, எலும்பு எதுவும் ஆகாது, பல்லை ஒரு கருவி மாதிரிப் பயன்படுத்தவே கூடாது என்று டாக்டர் எச்சரித்தார். சோடா பாட்டிலைப் பல்லால் திறக்கிற தன் கொழுந்தனை நினைத்துக்கொண்டு, எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை டாக்டர் என்றாள் சந்திரிகா. மனதாரத்தான் சொன்னாள்.

தற்காலிகப் பல்லே முத்துகிருஷ்ணனை மயக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை அவளைப் பார்த்ததும், தான் எப்போதோ சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வராவிட்டால் அவளே ஞாபகப்படுத்துவதாகத்தான் இருந்தாள். ஆடித் தள்ளுபடி நேரம், நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவானேன், இன்றைக்கே முன்னால் நில்லுங்கள் என்றான். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கலாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு மூன்று நாள் பொறுக்க முடியவில்லை. டயானாவுக்கோ விட்டது தொல்லை என்று இருந்தது. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது, இனி நான் சும்மா நிற்கிறேன், நீங்கள் என் மேல் கட்டிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நான்கு மணிக்கு விளக்கு முகத்தில் விழுந்தது. சந்திரிகா கைகளைக் கூப்பி, "நான்தாம்மா உங்க குரல் அக்கா" என்றாள். கைப்பேசித் திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. நீங்களா, நீங்களா, எவ்வளவு நாள் ஆசை, அழகா இருக்கீங்களே அக்கா. அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு முதல் புடவையை எடுத்தாள், இரண்டாவதை எடுத்தாள். பேச்சு தானாக வந்தது. மூன்றாவது ஒரு ஆனந்தா நீலம், அகல ஜரிகைக் கரை. அதை டயானாவின் தோளில் போட்டு மடிப்பு எடுத்தாள்.

பட்டுப் பிரிவில் வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் ஊக்கு இருக்கிற இடம் வாய்தான். இரண்டு கையும் மடிப்பில் இருக்கும்போது ஊக்கை வேறு எங்கே வைப்பது? தையற்காரருக்குக் காதில் பென்சில் இருப்பதைப் போல அது அங்கே இருக்கும், இருப்பதே தெரியாது. பல்லைக் கருவியாகப் பயன்படுத்தாதே என்று டாக்டர் சொன்னபோது சந்திரிகாவுக்கு ஊக்கு நினைவுக்கு வராததற்குக் காரணம் அதுதான். டயானாவின் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினாள், முன்பல்லில் கடித்தாள், மடிப்பைச் சேர்த்தாள், ஊக்கு நழுவுகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தாள்.

டக்கென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு ஆனந்தா நீலத்தின் மேல் விழுந்து உருண்டது. முன்பல்லில் ஏசி காற்று ஜில்லென்று பட்டது.

கை வாய்க்குப் போய்விட்டது. கேமராவுக்கு அந்தப் பக்கம் முத்துகிருஷ்ணன், நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினான். திரையில் தன் முகம் அவளுக்கே தெரிந்தது. பாதி முகம், மீதி கை. பத்து வருஷமாக எந்த முகத்தை விட்டு ஓட நினைத்தாளோ அதே முகம், இப்போது ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால்.  ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடலாம், டயானா முன்னால் வந்துவிடுவாள், எல்லாம் முன்போல ஆகிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

கைப்பேசியில் வருவதை வாசித்துச் சொல்வது டயானாவின் வேலை. தோளில் பாதி மடிப்போடு நின்றுகொண்டு அவள் அப்போதும் அந்த வேலையைச் செய்தாள்.

"அக்கா, அம்பத்தூர்லருந்து ஒரு அக்கா கேட்டுக்கினே கீறாங்க. இந்தப் புளூ எவ்ளோவாம்?"

விலை கேட்ட வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லாமல் இருக்க சந்திரிகாவால் முடியாது. எந்த நல்ல விற்பனைப் பெண்ணாலும் முடியாது. வாயிலிருந்து கையை எடுத்தாள், விலையைச் சொன்னாள். சொன்ன பிறகுதான் வாயைத் திறந்துவிட்டது தெரிந்தது. இனி மூடி என்ன ஆகப்போகிறது? புடவை மேல் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினாள்.

"எல்லாரும் பாத்துட்டீங்க, அதனால சொல்லிருதேன். எனக்குச் சின்ன வயசுலயே பல்லுல கறை. எங்க ஊர்த் தண்ணி அப்படி. இப்ப பல்லுக்கு ஓடு போட்டுக்கிட்டு இருக்கேன். இது டெம்பரவரி, அதான் ஊக்கைக் கடிச்சதும் வந்துட்டு. அசல் வெள்ளிக்கிழமை வருது. பல்லுதாம்மா டெம்பரவரி. இந்த ஜரிகை அசல். கடிச்சுப் பாத்தாலும் வராது."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஒரு பல் பழுப்பும் மற்றதெல்லாம் வெள்ளையுமாக அந்தச் சிரிப்பு திரை முழுக்க இருந்தது. அன்றைக்கு எடுத்து வைத்திருந்த புடவைகள் ஒன்று மிச்சமில்லாமல் போயின.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். கூச்சம் தாங்க முடிந்தால் வெள்ளிக்கிழமை வரை அப்படியே விடலாம், இல்லையென்றால் நாளைக்கே வாருங்கள் என்றார் அவர். ஊக்கு என்றதும் போனில் அவரும் சிரித்தார். தாங்கிக்கொள்கிறேன் என்றாள் சந்திரிகா.

அதற்குள் யாரோ லைவில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். புதன்கிழமை விடிவதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் உருகினார்கள். இதுதான் இயற்கை அழகு என்றார்கள், வேஷம் போடாத பெண் என்றார்கள், அக்கா நீங்கள் பல்லை மாற்றவே கூடாது என்று அன்புக் கட்டளை போட்டார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் தங்கள் படத்தில் பல்லை மினுக்கிக் காட்டியிருந்தார்கள். அடுத்தவர் வாயில் இயற்கை அழகைப் பார்ப்பது எல்லோருக்கும் எளிது.

மத்தியானம் முத்துகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டான், டீ வரவழைத்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். கடை முகப்பில் வைக்கப் போகிற விளம்பரப் பலகை. அதில் சந்திரிகாவின் முகம், இரண்டு ஆள் உயரத்துக்கு, அந்தப் பழுப்புப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. 'உண்மையான சிரிப்பு, உண்மையான பட்டு' என்று கீழே கொட்டை எழுத்து.

"யக்கா, அந்தப் புதுப் பல்லைத் தீபாவளி வரைக்கும் ஒட்டாதீங்க. இந்த ஒரு பல்லு இப்படியே இருக்கட்டும். இதுதான் இப்ப நம்ம கடை முகம்" என்றான்.

சந்திரிகா அந்தப் படத்தையே பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்வானேன்? இருட்டு மூலையில் உட்கார்ந்து அவள் கனவு கண்டது இதைத்தானே. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

இசக்கிமுத்துவுக்குச் சொன்னபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நம்ம ஊர்ப் பல்லு தி. நகரில் போர்டு ஏறுகிறது என்றால் சும்மாவா என்றான். அதைப் பார்த்தால் இனி எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு நிற்காது என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று இரவு குளிர்ந்த தண்ணீர் பட்டு முன்பல் சுரீர் என்று கூசியது. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு நின்றாள். எல்லோரும் புகழ்கிற அந்தப் பல்லைப் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நாடே பிடித்திருக்கிறது என்றாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை முத்துகிருஷ்ணனிடம் போனாள். சீவின பல்லை ரொம்ப நாள் மூடாமல் விட முடியாது என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுச் சுலபமாகத் தப்பித்திருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அந்தச் சாக்கைச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. வாயைக் கை மறைக்காமல், அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"கறை இருக்குன்னு என்னைப் பின்னால உக்கார வச்சீங்க சார். இப்ப அதே கறை இருக்குன்னு முன்னால நிக்கச் சொல்லுதீங்க. ரெண்டு தடவையும் நான் என்ன நெனைக்கேன்னு யாரும் கேக்கல. நானே என்கிட்ட கேட்டுக்கிட்டேன். எனக்கு நான் ஆசைப்பட்ட பல்லு வேணும். நாளைக்கு ஒட்டிக்கிட்டுத்தான் வருவேன், வந்து முன்னால நிப்பேன். வேண்டாம்னா சொல்லிருங்க. ஆனா இனிமே பின்னால உக்காந்து பேச மாட்டேன்."

முத்துகிருஷ்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். போர்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேனே என்றான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவள் கீழே இறங்கி வந்தாள். வேலை போனாலும் போகும். போனால் போகட்டும் என்று நினைக்கவும் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லஸ்ஸில் ஜன்னல் ஓர நாற்காலியில் சாய்ந்து அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு ஓடாக வைத்துப் பார்த்து, எடுத்து, பசை தடவி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார்கள். கழுத்து வலித்தது, தாடை வலித்தது. மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் டாக்டர் உம்மே ஹானி நாற்காலியை நிமிர்த்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

சந்திரிகா பார்த்தாள். வேறு யாரும் இல்லை, அவள்தான். அப்பாவின் மூக்கு, அம்மாவின் கன்னம், நெற்றியில் அம்மை போட்ட பழைய தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றோடு அவளே பகல் வெளிச்சத்தில் எடுத்த அந்த நிறத்தில் எட்டுப் பற்கள். பாலில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன். சந்தோஷம் நெஞ்சில் முட்டியது. கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுகையினூடே சிரித்தாள், சிரிப்பது எப்படி இருக்கிறது என்று திரும்பவும் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். டாக்டர் எச்சரிக்கையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை ஊக்கைப் பேர் சொல்லியே சொன்னார்.

ஆட்டோ பனகல் பார்க்கைச் சுற்றி வர நேரமாகிவிட்டது. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறினால், விளக்கு எரிகிறது, கேமரா தயார், முன்னால் டயானா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.  தன் வேலை போய்விட்டது என்று சந்திரிகா நினைத்தாள்.

டயானா அவளைப் பார்த்ததும் காலரில் குத்துகிற மைக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னாக்கா இவ்ளோ லேட்டு? சார் பத்து தபா கேட்டுட்டாரு. நான் பொம்மைக்குப் பதிலாத்தான் நிக்கிறேன். பேசச் சொன்னாரு, எனக்கு வராதுன்னு சொல்ட்டேன்" என்றாள். பிறகு சந்திரிகாவின் வாயைப் பார்த்தாள். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள்.

முத்துகிருஷ்ணன் விளக்கைத் தானே நகர்த்தி, வெளிச்சம் அவள் முகத்தில் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருப்பான். பழுப்புப் பல் சந்திரிகாவையும் விற்கலாம், வெள்ளைப் பல் சந்திரிகாவையும் விற்கலாம், சந்திரிகா இல்லாமல் ஒரு கர்சீப்கூட விற்க முடியாது என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். "போட்டோகிராபரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்க்கா. போர்டுக்குப் புதுசா எடுத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

லைவ் ஆரம்பித்தது. அவளைப் பார்த்ததும் திரையில் எழுத்துகள் ஓடின. பாதிப் பேர் வாழ்த்தினார்கள். அக்கா பழைய பல்லே நன்றாக இருந்தது, ஏன் மாற்றினீர்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். டயானா அதை வாசிக்கத் தயங்கினாள். வாசி என்றாள் சந்திரிகா.

"உங்களுக்கு நல்லா இருந்துச்சு, சந்தோஷம்மா. எனக்கு இப்பத்தான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, முதல் புடவையைப் பிரித்தாள்.

அதன் பிறகு பல்லைப் பற்றி ஒருவருக்கும் பேச நேரமில்லை. கத்தரிப்பூ போனது, மயில் கழுத்து போனது, வெங்காயத்தோல் நிறத்தில் ஒன்று வந்த வேகத்தில் போனது. சந்திரிகா கையை வீசிப் பேசினாள், தலையை ஆட்டிப் பேசினாள், ஒரு புடவையைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினாள். அது அரக்கு நிறம், உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஜரிகைப் பூ புட்டா. இதை யாருக்கு எடுத்துக் கொடுத்தாலும் அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது டயானா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, ஒரு சார் கேக்குறாரு. இந்த அரக்கு சேலையை, இப்ப போட்டுக்கினு நிக்கிறாங்களே, அந்தம்மாவுக்கே எடுத்துத் தரணுமாம். எவ்ளோன்னு கேக்குறாரு."

கடைக்காரப் பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். முத்துகிருஷ்ணன் முகம் கறுத்தது. இந்த மாதிரி ஆட்கள் லைவில் நுழைவது உண்டு. யார் அது, பேரைச் சொல் என்றான்.

"இசக்கிமுத்துன்னு போட்டுக்கீது" என்றாள் டயானா.

சந்திரிகா கேமராவைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில், பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நடுவே கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. கை இடுப்பில் இருந்தது, இடுப்பிலேயே இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறைய, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கச் சிரித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"சார், ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குன்னு எடுத்து வச்சாச்சு. சாயந்தரம் நேர்ல வந்து, அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போங்க."